ஷிஜி பூசிய ஆமை

நேசபாயின் வீட்டு ஆமையின் முதுகில் பூசிய நகப்பூச்சு பத்து வருடமும் மூன்று மாதமும் காயவில்லை. பூசியவள் அவளுடைய ஒரே மகள் ஷிஜி. வயது பன்னிரண்டு. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் புதுக்கடைச் சந்தியில் வாங்கிய சிவப்புக் குப்பி அது. 2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுக்களை வாசலில் ஆமையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பூசத் தொடங்கினாள். அது நட்சத்திர ஆமை. ஓட்டில் பதின்மூன்று கட்டங்கள் மேடுமேடாக இருக்கும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலாபக்கமும் இறங்கும். ஷிஜி மஞ்சளை விட்டுவிட்டு, இடையில் இருந்த கறுப்பில் மட்டும் சிவப்பைப் பூசினாள். பொறுமை போதவில்லை. சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்தது. ஏழு கட்டம் முடிந்திருந்தபோது வாசலில் பைக் ஹாரன் கேட்டது. கடற்கரையில் இருக்கும் அவளுடைய வகுப்புக் கூட்டாளி இசபெல்லின் அண்ணன் டெல்வின், இரண்டாம் நாள் விருந்துக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். மிச்சத்தை வந்து பூசுவேன் என்று சொல்லிவிட்டு, குப்பியைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு ஷிஜி போனாள். ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் கடல் வந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களில் நேசபாய் மகளை இடது கை நகங்களை வைத்து அடையாளம் சொன்னாள். அந்த நகங்களில் பூச்சு நன்றாகக் காய்ந்து ஓரம் பெயர்ந்திருந்தது.

ஜனவரி பாதியில்தான் வீட்டில் மற்றதைக் கவனித்தார்கள். சுவரின் அடியில், நாலு விரல் உயரத்தில், சிவப்புக் கோடு ஒன்று அறையைச் சுற்றி ஓடியது. கட்டிலின் கீழ்ச் சட்டத்திலும் அலமாரியின் காலிலும் அதே சிவப்பு இருந்தது. நேசபாயின் கணவர் ராஜகுமார் ரத்தம் என்று நினைத்து ஆமையைத் தூக்கிப் பார்த்தார். விரலில் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். துடைத்த துணி சிவந்தது, ஓட்டில் குறையவில்லை. வெயிலில் வைத்தார்கள். தலைமுடி உலர்த்தும் மிஷினைக் கடன் வாங்கிக் காட்டினார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமையை வைத்ததால்தான் பிள்ளை போனாள் என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். சபை ஐயரும் வந்து தொட்டுப் பார்த்தார். ஜெபம் செய்துவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த மழைக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. ராஜகுமார் வெள்ளை வேட்டி கட்டுவதை விட்டார். ஆமை எந்த அறையில் இருக்கிறது என்பதை நேசபாய் வாசனையை வைத்தே சொல்லிவிடுவாள்.

ஆமை அந்த வீட்டுக்கு வந்தது 2000-இல். ராஜகுமார் ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் காவல் வேலை பார்த்தார். முள்காட்டில் உள்ளங்கை அளவுக்குக் கிடந்ததைச் சோற்றுப் பாத்திரத்தில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தார். அது குற்றம் என்று அவருக்குத் தெரியாது. 2003-இல் அரசாங்கம் ஒரு விதி போட்டது. இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் நூற்றெண்பது நாளுக்குள் வந்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நூற்றெண்பது நாளில் புதுக்கடையில் ஒருவர்கூட அதைக் கேள்விப்படவில்லை. 2006-இல் நாகர்கோவில் பக்கம் வனத்துறையினர் வீடு வீடாகப் போய்க் கிளிகளையும் ஆமைகளையும் எடுத்துக்கொண்டு போனபோதுதான் பயம் வந்தது. நேசபாய்க்குச் சிறை பெரிதாகத் தோன்றவில்லை. ஆமையைக் கொண்டுபோய்விட்டால் ஷிஜி மிச்சத்தைப் பூச எங்கே வருவாள் என்பதுதான் அவளுடைய பயம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு அருகில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த நாராயணபெருமாள் அந்த வருடம், வீட்டில் இப்படிப்பட்ட உயிர்களை வளர்ப்பவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார், நேசபாயும் சேர்ந்தாள். அவர் கடை மேசையில் இகுவானா என்ற இரண்டடி நீளப் பச்சை ஓணான் ஒன்று எந்நேரமும் படுத்திருக்கும். வெளிநாட்டு உயிர் என்பதால் அதைச் சட்டம் தொடவில்லை. அதைத் தடவிக்கொண்டே அவர் சட்டத்தைப் பற்றிப் பேசுவார்.

“அமெரிக்காக்காரன வீட்டுல படுக்கப் போடலாம், கேள்வி கெடையாது. ஆரல்வாய்மொழிக்காரன் ஒரு ராத்திரி தங்கினா ஜெயிலு. இது எந்த ஊரு ஞாயம்?”

பழைய விதிப்படி எழுதிக் கொடுக்கத் தவறியவர்களுக்கு இன்னொரு தவணை வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. சென்னைக்கும் டெல்லிக்கும் மனு போனது. 2007 மார்ச்சில் வடசேரியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்கள். வனத்துறையின் மனத்தை இளக்கலாம் என்று வனச்சரகரையே மேடைக்கு அழைத்திருந்தார்கள். பொதுவாகப் பேசலாம், தன் வீட்டில் இருப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று நாராயணபெருமாள் ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்திருந்தார். நேசபாயிடமும் சொல்லியிருந்தார். ஆனால் மேடையில் இருந்தவர், குறை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று மைக்கில் அறிவித்தபோது நேசபாய் எழுந்தாள். இருபது வருடமாக அவள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லி வருகிறவள். கூட்டத்தின் முன்னால் மைக்கைப் பிடித்தால் பேர், ஊர், நடந்தது, நடந்த நாள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறு மாதிரிப் பேச அவளுக்குத் தெரியாது.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்க பேரு நேசபாய். ஊரு புதுக்கடை. எனக்க வீட்டுல ஏழு வருசமா ஒரு ஆமை உண்டு. வீட்டுக்காரரு ஆரல்வாய்மொழிக் காட்டுலயிருந்து எடுத்துட்டு வந்தாரு. எனக்க மக அதுக்க முதுகுல பூசின சாயம் இண்ணும் காயல்ல. அவ மரிச்சு ரெண்டு வருசமும் மூணு மாசமும் ஆச்சு. இது சத்தியம்.”

மண்டபத்தில் பாதிப்பேர் சபைக்காரர்கள். பழக்கத்தில் ஆமென் என்றார்கள். மேடையில் வனச்சரகரும் சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற வனவர் சுயம்பு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நாராயணபெருமாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது.

அதே நாள் பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. சுயம்பு அய்யாவழிக்காரர், நெற்றியில் ஒற்றை வெள்ளை நாமம் இட்டவர். அரை மணி நேரம் நின்றுகொண்டே பறிமுதல் மகஜர் எழுதினார். ஓட்டில் ஏழு கட்டங்களில் சிவப்புச் சாயம், ஈரம், என்று எழுதி ராஜகுமாரிடம் கையெழுத்து வாங்கினார். சாயம் மகஜரிலும் ஜீப் கதவிலும் அவருடைய தொப்பியிலும் ஒட்டியது. ஆமையைத் துறையின் பூங்காவில் தனிக் கூண்டில் வைத்தார்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, ஈரச் சாயத்தில் மண்ணும் எறும்பும் ஒட்டும், இந்த நிலையில் காட்டில் விடக்கூடாது என்று சான்று கொடுத்தார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணிக்குமேல், கீரை போட வந்த காவலர் எட்டாவது கட்டமும் சிவப்பாக இருப்பதைக் கண்டார். கூண்டின் பூட்டு பூட்டியபடி இருந்தது. மூன்று காவலர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த உயிருக்கு யாரோ சாயம் பூசியது பெரிய இடத்துக்குத் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. எட்டாவது கட்டத்தை சுயம்புதான் முதலில் உன்னிப்பாகப் பார்த்தார். மற்ற ஏழைவிட இதில் சிவப்பு குறைவாகத்தான் வழிந்திருந்தது.

வழக்கு 2008-இல் விசாரணைக்கு வந்தது. ஆமை எங்களுடையதே இல்லை, தானாக ஏறி வந்தது என்று சொல்லச் சொல்லி நாராயணபெருமாள் அமர்த்திய வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். நேசபாய் கூண்டில் ஏறி, எங்களுடையதுதான் என்றாள். வக்கீல் வழக்குக் கட்டைச் சுருட்டி வைத்துவிட்டார். மாஜிஸ்திரேட்டுக்கு எட்டாவது கட்டம்தான் விளங்கவில்லை. பூசியது யார் என்று கேட்டார்.

“மக, அய்யா.”

“மகள் எங்கே?”

“கல்லறைத் தோட்டத்துல இருக்கா.”

மாஜிஸ்திரேட் தாளைத் திருப்பினார். பிறகு, பூசியவர் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவர் என்று எழுதினார். கணவனையும் மனைவியையும் எச்சரித்து விடுவித்தார். ஆமையை வனத்துறையே வைத்துக்கொள்ளட்டும் என்றபோது, தங்கள் பொறுப்பில் வேண்டாம் என்று துறையின் தரப்பே மனு கொடுத்தது. அதனால் உத்தரவு இப்படி வந்தது: சாயம் காயும்வரை ஆமை நேசபாயின் பொறுப்பில் இருக்கும், மாதம் ஒருமுறை வனச்சரக அலுவலகத்தில் அதைக் காட்ட வேண்டும், காய்ந்த மாதத்தில் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை நேசபாய் ஆமையை மீன்கூடையில் வைத்து, மேலே வாழையிலை போட்டு, பஸ்ஸில் போனாள். சுயம்பு பதிவேட்டைத் திறப்பார். முதல் இரண்டு மாதம் ‘காயவில்லை’ என்று எழுதினார். தணிக்கைக்கு வந்தவர் அதற்கு ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் போனார். மூன்றாம் மாதத்திலிருந்து சுயம்பு ஆமையின் முதுகில் ஆட்காட்டி விரலை வைத்து, அதே விரலைப் பதிவேட்டில் பதித்தார்.

“வீட்டுக்காரி பூங்கனி கேக்கா, எவளுக்கு நகம் பூசி விட்டுட்டு வாறீருண்ணு. என்ன சொல்லச் சொல்லுதியக்கா?”

“உள்ளதச் சொல்லும் சாரே.”

“உள்ளதச் சொன்னா சோறு கெடைக்குமா?”

ஒன்பதாவது கட்டம் 2009-இல் சிவந்தது, பத்தாவது அடுத்த வருடம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடந்தது. ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அடுக்களை வாசலில் ஆமை இருக்கும், புதுவாசனை அடிக்கும். ஒரு ஞாயிறு நேசபாய் கோயிலுக்குப் போகாமல் வீட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு பதினான்கு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் மறுபடி அப்படிச் செய்யவில்லை. கட்டங்களை அவள் தினமும் பார்த்தாள். முதல் ஏழு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை. ஒன்பதாவதில் பிரஷ் மஞ்சள் கோட்டின் அருகில் வந்து நின்றிருந்தது. பத்தாவதில் மிகவும் அழுத்திப் பூசியிருந்தது. கோபமாக இருந்திருப்பாள் என்று நேசபாய் எடுத்துக்கொண்டாள். 2012-இல் வந்த பதினொன்றாவது அவசரமாகப் பூசியது, ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. ஷிஜியுடன் படித்த பிள்ளைகள் அப்போது காலேஜில் இருந்தார்கள். பரீட்சை நேரம். பன்னிரண்டாவதில் ஒவ்வொரு மஞ்சள் கோடும் ஊசியால் இழுத்தது போல இருந்தது. அதை நேசபாய் நெடுநேரம் பார்த்தாள். வளர்ந்த பெண்ணின் கை. ராஜகுமார் இதில் எதையும் பார்க்க மாட்டார். சாப்பிடும்போது ஆமைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

இதற்கிடையில் நாராயணபெருமாளின் சங்கத்துக்கு ஆள் கூடியது. வளைகுடாவிலிருந்து வந்த பிள்ளைகள் வெளிநாட்டு மலைப்பாம்புகளையும் சிவப்புக் காது ஆமைகளையும் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தார்கள். அவர்களுக்கு நாட்டு உயிர்களைப் பற்றிக் கவலை இல்லை. மனுவிலிருந்து அந்தக் கோரிக்கையை எடுத்துவிட்டார்கள். சங்கத்தில் முள்காட்டு ஆமை வைத்திருந்தவள் நேசபாய் ஒருத்திதான். நாராயணபெருமாள் சங்கடப்பட்டு வருடா வருடம் அவளுக்கு மட்டும் ஒரு காலண்டர் கொடுத்தனுப்பினார்.

மிச்சம் ஒரு கட்டம். அது முடிந்தால் என்ன ஆகும் என்று நேசபாய்க்குத் தெரியும். 2014 ஜூலையிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமை ஆமையைக் கூடையில் வைத்துக் கோயிலுக்கே கொண்டுபோனாள். பெஞ்சுக்கு அடியில் கூடை இருக்கும். வீட்டில் ஆமை இல்லாவிட்டால் ஷிஜி பூச முடியாது. பூசாவிட்டால் வேலை முடியாது, சாயமும் காயாது. எட்டு மாதம் இப்படிப் போனது. பதிவேட்டில் எட்டு விரல் தடம் ஏறியது. ராஜகுமார் பக்கத்தில் நடந்து வந்தார். மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, கிளம்பும்போது, கூடையின் பிடியில் கைவைத்தார்.

“ஏட்டி, நீ அங்க இருந்து பாட்டுப் பாடுத. அவ இங்க வந்து கதவத் தொறந்து பாத்துட்டு, ஆளும் இல்ல ஆமையும் இல்லண்ணு நிக்கா. எத்தன வாரமா நிக்கா.”

நேசபாய் கூடையை இறக்கி வைத்தாள். ஆமையை எடுத்து அடுக்களை வாசலில் விட்டாள். ஒரு செம்பில் தண்ணீரும் பக்கத்தில் வைத்தாள். அது ஆமைக்கு இல்லை.

திரும்பி வந்தபோது பதின்மூன்றாவது கட்டம் முடிந்திருந்தது. ஒரு கோடும் மீறவில்லை. பதினொன்றாவதில் விட்டுப்போன மூலையும் நிரப்பப்பட்டிருந்தது. செம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. ராஜகுமார் குனிந்து, பத்து வருடத்தில் முதல் தடவையாக, ஆமையை முழுசாகப் பார்த்தார்.

“கை நல்லாத் திருந்திட்டு,” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பூச்சு காய்ந்திருந்தது. சுவரிலும் கட்டில் சட்டத்திலும் இருந்தது செதில் செதிலாக உதிர்ந்தது. நேசபாய் அதைக் கூட்டி அள்ளினாள். விஷயம் தெரிந்து நாராயணபெருமாள் போன் செய்தார். ஒரு குப்பி வாங்கி, ஆபீஸ் வாசலில் வைத்து ஒரு கட்டத்தில் மட்டும் பூசிக்கொண்டு உள்ளே போனால் போதும், மாதம் ஒருமுறைதானே, யாருக்குத் தெரியும் என்றார். அவர் முடிக்கும்வரை நேசபாய் கேட்டாள்.

“அவ பூசினதுக்கு மேல நான் பூசவா அண்ணாச்சி?”

திங்கட்கிழமை சுயம்பு பதிவேட்டைத் திறந்து, விரலை ஆமையின் முதுகில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். அடுத்த விரலை வைத்தார். பிறகு ஐந்தையும் வைத்தார். வெள்ளைத் தாளில் ஒன்றும் விழவில்லை. பதிவேட்டில் இந்த மாதத்துக் கட்டத்தைக் காலியாக விட்டால் நேசபாய் அடுத்த மாதமும் வரலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். காய்ந்துவிட்டது என்று எழுதும்படி அவள் சொன்னாள். அவர் எழுதினார். மருத்துவர் வந்து, காய்ந்த சாயத்தால் தீங்கில்லை, முள்ளில் உரசி உரசித் தானாகப் போய்விடும் என்று சான்று கொடுத்தார்.

ஆரல்வாய்மொழியில் காற்று பலமாக இருந்தது. ராஜகுமார் இடத்தைக் காட்டினார். நேசபாய் ஆமையைத் தரையில் வைத்துவிட்டுச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமை கொஞ்ச நேரம் தலையை நீட்டவில்லை. பிறகு ஒரு கோரைப் புதரைச் சுற்றிக்கொண்டு, காற்றாலைகளின் பக்கம் நடந்தது. பதின்மூன்று சிவப்பும் முள்செடிகளுக்கு இடையில் கால் மணி நேரம் தெரிந்தன. சுயம்பு கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார். மூவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள்.

வழக்கு முடிந்தது. கட்டு கட்டிப் பதிவறைக்கு அனுப்பும் நாளில்தான் பதிவேட்டில் இருந்த விரல் தடங்கள் காயவில்லை என்பது தெரிந்தது. எழுபத்தெட்டுத் தடங்கள். பதிவறைக்காரர் ஈரமான பதிவேட்டை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். அழிக்கவும் விதி இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள், பதில் வரவில்லை. பதிவேடு அலுவலகத்தின் பக்கவாட்டு அறையில் ஒரு மேசையில் விரித்தபடியே கிடந்தது. சுயம்பு பஸ் ஸ்டாண்டில் நேசபாயைப் பார்த்தபோது இதைச் சொன்னார். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு குடிமகன் எந்தப் பதிவேட்டையும் நேரில் பார்க்கலாம், முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்பதையும் சொன்னார்.

நேசபாய் மனு எழுதிப் போட்டாள். அனுமதி வந்தது. அடுத்த மாதமும் போட்டாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு தடத்தையும் பார்ப்பாள். மூக்கை அருகில் கொண்டுபோவாள். தொட மாட்டாள், தொட விதி இல்லை. ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து, நன்றி சொல்லிவிட்டுப் போவாள். சில மாதம் ராஜகுமாரும் வந்து வாசலில் நின்றார்.

2016-இல் சுயம்பு மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு லிஜோ என்ற இளம் வனவர் வந்தார். இந்த அம்மா மாதாமாதம் எதற்காக வருகிறார் என்று எழுத்தரிடம் கேட்டார். மனு போடுபவரிடம் காரணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று எழுத்தர் சொன்னார். லிஜோ உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தடங்கள் பளபளத்தன. பக்கங்கள் படபடத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நேசபாய் இரண்டு ஓரங்களையும் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.